தினசரி சைக்கிள் பயணம்: ஹெல்மெட் மாட்டுவதிலிருந்து வலப்பக்கம் திரும்புவது வரை

தமிழ்நாட்டில் அரசுப் பள்ளியிலும் அரசு உதவி பெறும் பள்ளியிலும் பிளஸ் ஒன் சேர்ந்த பிள்ளைகளுக்கு அரசு சைக்கிள் கிடைக்கிறது. அதுவரை தெருவுக்குள் சுற்றிக்கொண்டிருந்தவர்கள், அடுத்த நாளே பஸ்ஸும் லாரியும் ஓடுகிற மெயின் ரோட்டில் பள்ளிக்குக் கிளம்பிவிடுகிறார்கள். பேலன்ஸ் வந்துவிட்டால் ஓட்டத் தெரிந்துவிட்டது என்று வீட்டிலும் விட்டுவிடுகிறோம். வேலைக்கு, டியூஷனுக்கு, மார்க்கெட்டுக்கு என்று புதிதாக சைக்கிள் எடுக்கும் பெரியவர்களும் இப்படித்தான்.

ரோட்டுக்குப் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு இடங்களில் தடுமாறுகிறார்கள். ஹெல்மெட்டைத் தலையில் வைக்கிறார்கள், பொருத்துவதில்லை. திரும்பும்போது கை காட்டுகிறார்கள், பின்னால் பார்ப்பதில்லை. இரண்டுக்குமே ஒரு வரிசை உண்டு. அந்த வரிசையைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் பழக்கத்தில் வந்துவிடும்.

தொடங்கும் முன் தேவையானவை

தையல்காரர் வைத்திருக்கும் இஞ்ச் டேப், சைக்கிளுக்கென்றே செய்த ஹெல்மெட், ஒழுங்காக அடிக்கும் பெல், முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு, ஒரு சாக்பீஸ், வண்டி வராத ஒரு மைதானம். இவற்றோடு உதவிக்கு ஒரு ஆள். அந்த ஆள் சைக்கிள் ஓட்டத் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்றில்லை. பின்னால் நின்று விரல் காட்டத் தெரிந்தால் போதும். ஏன் என்று ஐந்தாம் பகுதியில் வரும்.

1. முதலில் சைக்கிள் உடம்புக்குச் சரியாக இருக்கட்டும்

சீட்டில் உட்கார்ந்தபடியே இரண்டு காலின் முன்பாதமும் தரையைத் தொட வேண்டும். புதிதாக மெயின் ரோட்டுக்கு வருபவருக்கு இதுதான் சரியான உயரம். பழகிய பிறகு சீட்டைக் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளலாம், மிதிக்க சுலபமாக இருக்கும். ஆனால் திடீரென்று நிற்க வேண்டி வரும்போது கால் எட்டவில்லை என்றால், சைக்கிள் ரோட்டுப் பக்கம் சாயும்.

அண்ணனின் பெரிய சைக்கிளைத் தம்பிக்குக் கொடுத்து, "வளர்ந்தால் சரியாகிவிடும்" என்று விடுவது கிராமங்களில் சாதாரணம். மைதானத்தில் பழக அது சரி. லாரி போகிற ரோட்டுக்கு அந்த சைக்கிளை அனுப்ப வேண்டாம்.

2. பிரேக், காற்று, ஹேண்டில்: இந்த வரிசையில்

முன்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னால் தள்ளுங்கள். முன்சக்கரம் உருளக் கூடாது, பின்சக்கரம் தூக்கப் பார்க்க வேண்டும். பிறகு பின்பிரேக்கை மட்டும் பிடித்துத் தள்ளுங்கள். பின்சக்கரம் சுற்றாமல் தரையில் இழுபட வேண்டும். லீவரை முழுசாகப் பிடித்த பிறகும் அதற்கும் ஹேண்டிலுக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய இடம் இருக்கட்டும். லீவர் ஹேண்டிலில் போய் முட்டினால் பிரேக்கை இறுக்க வேண்டும். புது சைக்கிளில் பிரேக் ஒயர் சில வாரங்களில் நீண்டு தளரும். அதனால் "இப்போதுதானே வாங்கினோம்" என்று இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

பிரேக் கட்டை ரிம்மில் பட வேண்டும். கொஞ்சம் மேலே ஏறி டயரில் உரசினால், டயர் தேய்ந்து ஒருநாள் நடுரோட்டில் ட்யூப் வெடிக்கும். செயினுக்கு எண்ணெய் விடும்போது ஒரு சொட்டுகூட ரிம்மில் சிந்தாமல் பாருங்கள். சிந்திவிட்டால் சோப்புத் தண்ணீரில் துடைத்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும்.

உங்கள் சைக்கிளில் எந்த லீவர் எந்தச் சக்கரத்துக்கு என்று இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் பெரும்பாலும் வலது லீவர் முன்பிரேக், இடது லீவர் பின்பிரேக். கை காட்டும் இடத்தில் இது முக்கியமாகிவிடும்.

காற்றைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாலே தெரியும். எவ்வளவு அடிக்கலாம் என்பது டயரின் பக்கவாட்டிலேயே எழுதியிருக்கும். ஹேண்டிலைச் சோதிக்க, முன்சக்கரத்தை இரண்டு முட்டிக்கும் நடுவே இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஹேண்டிலைத் திருப்பிப் பாருங்கள். சக்கரம் அசையாமல் ஹேண்டில் மட்டும் திரும்பினால், நடு போல்ட் தளர்ந்திருக்கிறது. பள்ளத்தில் இறங்கும்போதுதான் அது காட்டிக்கொடுக்கும்.

3. ஹெல்மெட்: வாங்குவதும் பொருத்துவதும்

சைக்கிளுக்கு ஹெல்மெட் கட்டாயம் என்று நம் சட்டத்தில் இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆம் பிரிவு மோட்டார் இரு சக்கர வாகனங்களைப் பற்றித்தான் பேசுகிறது. ஆகவே இதில் யாரும் பிடிக்க மாட்டார்கள், அபராதமும் கிடையாது. தலை நம்முடையது என்பதால் போடுகிறோம்.

பைக் ஹெல்மெட்டையே சைக்கிளுக்கும் போட்டால் என்ன என்று கேட்பார்கள். நாம் மிதித்து ஓட்டுகிறோம், வியர்த்துக் கொட்டும். பத்து நிமிடத்தில் கழற்றி ஹேண்டிலில் மாட்டிவிடுவோம். அதோடு முகம் மூடிய ஹெல்மெட் காதை அடைக்கும், தோளுக்கு மேல் திரும்பிப் பார்ப்பதும் சிரமம். கட்டட வேலைக்குப் போடும் மஞ்சள் தொப்பி மேலிருந்து விழும் பொருளுக்காகச் செய்தது, அது இதற்கு ஆகாது. சைக்கிள் ஹெல்மெட்டில் உள்ளே தெர்மாகோல் மாதிரி ஒரு கெட்டி நுரை இருக்கும். அடி விழும்போது அது நசுங்கி, அதிர்ச்சியைத் தான் வாங்கிக்கொள்ளும். கடையில் பார்க்கும்போது உள்ளே ஈஎன் 1078 அல்லது சிபிஎஸ்சி என்ற தரக் குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். முன்னது ஐரோப்பியத் தரம், பின்னது அமெரிக்கத் தரம்.

இனி பொருத்தும் வரிசை. இதை மாற்றிச் செய்யாதீர்கள்.

முதலில் அளவு. புருவத்துக்கு ஒரு விரல் மேலே இஞ்ச் டேப்பை வைத்துத் தலையைச் சுற்றி அளங்கள். பெட்டியில் 54–58 என்று சென்டிமீட்டரில் போட்டிருப்பார்கள். உங்கள் அளவு அந்த எல்லையின் விளிம்பில் விழுந்தால் இரண்டு சைஸையும் போட்டுப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். பிள்ளைக்கு "வளர்கிற வயசு" என்று ஒரு சைஸ் பெரிதாக வாங்குவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. சட்டைக்கு அது சரி. பெரிய ஹெல்மெட் விழும்போது பின்னால் நழுவி, நெற்றியைத் திறந்து காட்டிவிடும்.

இரண்டாவது, மட்டம். ஹெல்மெட் தலையில் நேராக உட்கார வேண்டும். புருவத்துக்கும் ஹெல்மெட் விளிம்புக்கும் நடுவே இரண்டு விரல்தான் இடம். கண்ணை மட்டும் மேலே உருட்டினால் விளிம்பு லேசாகத் தெரிய வேண்டும். முடி கலையாமல் இருக்கப் பின்னந்தலையில் சாய்த்துப் போடுவதால் பயனில்லை. முன்னால் விழுந்தால் நெற்றிதானே முதலில் தரையில் படும்?

மூன்றாவது, பின்னால் உள்ள திருகு. மெதுவாகத் திருகி இறுக்குங்கள். தாடைப் பட்டையை மாட்டாமலேயே தலையைக் குனிந்து ஆட்டிப் பாருங்கள். ஹெல்மெட் விழாமல், நெற்றித் தோல் அதோடு சேர்ந்து அசைந்தால் சரி. வலித்தால் அரைத் திருகு தளர்த்துங்கள்.

நான்காவது, காதோரப் பட்டை. முன்னும் பின்னுமாக வரும் இரண்டு பட்டைகளும் காது மடலுக்குச் சற்றுக் கீழே ஒன்றுசேர வேண்டும். அங்கே ஒரு பிளாஸ்டிக் கிளிப் இருக்கும், அதை நகர்த்தினால் சேரும் இடம் மாறும். வாங்கிய அன்று இருந்த இடத்திலேயே அதைக் கடைசிவரை விட்டுவிடுபவர்கள்தான் அதிகம்.

கடைசியாகத்தான் தாடைப் பட்டை. மாட்டிய பிறகு தாடைக்கும் பட்டைக்கும் நடுவே ஒன்றிரண்டு விரல் நுழையலாம், அதற்கு மேல் கூடாது. வாயை "ஆ" என்று பெரிதாகத் திறங்கள். ஹெல்மெட் உச்சந்தலையில் லேசாக அழுந்த வேண்டும். இதை முதலில் இறுக்கினால் மற்ற மூன்று இடத்தின் தளர்ச்சியும் மறைந்துவிடும். இறுக்கமாக இருப்பது போலத் தோன்றும், கையால் பின்னோக்கித் தள்ளினால் நழுவும். அப்படித் தள்ளிப் பார்ப்பதுதான் கடைசிச் சோதனை. விரல்களை முன்விளிம்பில் வைத்து மேல்நோக்கிப் பின்னால் தள்ளுங்கள். நெற்றி திறந்தால், இரண்டாவது படியிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.

பள்ளிக்குப் போகும் பெண்பிள்ளைகளுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. ரெட்டை ஜடையை மடித்து ரிப்பன் கட்டினால், முடிச்சு சரியாகக் காதுக்குப் பின்னால், பட்டை வரும் இடத்தில் வந்து நிற்கும். பட்டை காதை விட்டு விலகி வில் மாதிரி வளைந்திருந்தால் காரணம் அதுதான். ஜடையைக் கொஞ்சம் தாழ்வாகப் பின்னி, ரிப்பன் முடிச்சு பட்டைக்குக் கீழே வரும்படி கட்டச் சொல்லுங்கள். உச்சிக் கொண்டையோடு ஹெல்மெட் மட்டமாக உட்காராது. பூ வைப்பதைப் பள்ளி போய்ச் சேர்ந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

பராமரிப்பு சுலபம். வெயிலில் நிற்கும் சைக்கிளின் ஹேண்டிலில் நாள் முழுக்கத் தொங்க விடாதீர்கள். நுரை சூட்டில் கெடும். பெயின்ட், தின்னர் படக் கூடாது. உள்ளே இருக்கும் பஞ்சுப் பட்டையை மட்டும் கழற்றிச் சோப்பு போட்டு அலசுங்கள்.

4. தொங்குகிற எல்லாவற்றையும் கட்டுங்கள்

துப்பட்டா, தாவணி முந்தானை, சேலைத் தலைப்பு, வேட்டி நுனி, பேன்ட் கால் எல்லாம் செயினிலோ ஸ்போக்ஸிலோ சிக்கும். துப்பட்டாவைக் கழுத்தில் சுற்றிக்கொள்வது பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் உண்டு. நுனி பின்சக்கரத்தில் சிக்கினால் இழுபடுவது கழுத்துதான். குறுக்காகப் போட்டு இடுப்பில் முடிந்து ஊக்கு குத்துங்கள். செயின் கவரைக் கழற்றிப் போட்டிருந்தால் திரும்ப மாட்டுங்கள்.

சாப்பாட்டுப் பையை ஹேண்டிலில் மாட்டாதீர்கள். ஆடி ஆடி அது முன்சக்கர ஸ்போக்ஸுக்குள் போகும், சக்கரம் அப்படியே நிற்கும், நாம் ஹேண்டிலுக்கு மேலே போவோம். பள்ளிப் பை இரண்டு தோளிலும், சாப்பாட்டுப் பை சைக்கிளின் பின் கேரியரிலும் இருக்கட்டும். ஸ்டாண்டை மடக்கிவிட்டோமா என்று கிளம்பும்போதே பாருங்கள். இறக்கிவிட்ட சைடு ஸ்டாண்டு இடப்பக்கம் சாயும்போது தரையில் குத்தித் தூக்கிவிடும்.

5. ரோட்டுக்கு முன் மைதானம்

சாக்பீஸால் இருபது அடி நீளத்துக்கு மேல் ஒரு நேர்கோடு போடுங்கள். மண் தரை என்றால் குச்சியால் கீறினால் போதும்.

முதல் பயிற்சி, ஒரு கையில் ஓட்டுவது. கோட்டின் மேலேயே போய்க்கொண்டு முதலில் வலது கையை எடுத்துத் தொடையில் வையுங்கள். அது சரியாக வந்ததும் தோள் உயரத்துக்கு நீட்டுங்கள். பிறகு இடது கை. பலருக்கு ஒரு பக்கம் சுலபமாகவும் மறுபக்கம் தள்ளாட்டமாகவும் இருக்கும். தள்ளாடும் பக்கத்தை அதிகம் பழகுங்கள், ரோட்டில் இரண்டும் வேண்டும்.

இரண்டாவது பயிற்சிதான் உயிர்நாடி. உதவிக்கு வந்தவர் பின்னால் நின்று கையில் சில விரல்களைக் காட்டட்டும். நீங்கள் கோட்டில் போய்க்கொண்டே வலது தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்து எத்தனை விரல் என்று சொல்ல வேண்டும், கோட்டை விட்டு விலகாமல். முதலில் எல்லோருமே வலப்பக்கம் இழுத்துக்கொண்டு போவார்கள். தலை திரும்பும்போது தோள் திரும்பும், தோளோடு கை வரும், கையோடு ஹேண்டில் வரும். ரோட்டில் அந்த இழுப்பு நேராக வண்டிகளுக்கு நடுவே கொண்டுபோய் விடும். பார்ப்பதற்கு முன் வலது கையைத் தொடைக்கு இறக்கிவிட்டால் இழுப்பு பெருமளவு நின்றுவிடும்.

பார்வையும் சட்டென்று முடிய வேண்டும். மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் போனால் ஒரு விநாடியில் சுமார் 4 மீட்டர் போய்விடுவோம். முன்னால் பள்ளமில்லை என்று பார்த்துவிட்டுத்தான் திரும்ப வேண்டும்.

மூன்றாவது, இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்து நிற்பது. முன்பிரேக்கை மட்டும் வெடுக்கென்று பிடித்தால் பின்சக்கரம் எழும்பும். பின்பிரேக்கை மட்டும் நம்பினால் வழுக்கிக்கொண்டு வெகுதூரம் போகும். பிடிக்கும்போது உடம்பைச் சற்றுப் பின்னால் தள்ளுங்கள்.

6. கை காட்டும் முறை

வலப்பக்கம் திரும்ப வலது கையைத் தோள் உயரத்தில் நேராக நீட்டுங்கள், உள்ளங்கை முன்னால் பார்த்திருக்கட்டும். இடப்பக்கம் திரும்ப இடது கையை அதேபோல நீட்டுங்கள். வலது கையை வட்டமாகச் சுற்றி இடப்பக்கம் என்று காட்டும் பழைய முறை, வலது ஜன்னலுக்கு வெளியே மட்டும் கை நீட்ட முடிகிற கார் ஓட்டுநருக்கானது. நமக்கு இரண்டு கையும் வெளியே இருக்கிறது. வேகம் குறைக்கப் போகிறீர்கள் என்றால் வலது கையை நீட்டி, உள்ளங்கை தரையைப் பார்க்க மேலும் கீழுமாக அசையுங்கள்.

இடுப்புக்குக் கீழே விரலை மட்டும் ஆட்டுவது பின்னால் வரும் பைக்காரருக்குத் தெரியாது. முழங்கை மடங்காமல் நீட்டுங்கள்.

திரும்பும் இடத்துக்கு முன்பே காட்ட வேண்டும், திரும்பும்போது இரண்டு கையும் ஹேண்டிலுக்கு வந்துவிட வேண்டும். வளைவில் கல்லோ மணலோ இருந்தால் ஒரு கை போதாது. இடது கையைக் காட்டும்போது பெரும்பாலான சைக்கிளில் மிச்சமிருப்பது முன்பிரேக் மட்டும். ஆகவே வேகத்தை முதலில் குறைத்துவிட்டு, அப்புறம் கையை நீட்டுங்கள்.

7. வலப்பக்கம் திரும்புவது

நாம் இடப்பக்கம் ஓட்டுகிற நாடு. இடப்பக்கம் திரும்பினால் யாருடைய பாதையையும் வெட்டுவதில்லை. வலப்பக்கம் திரும்பினால் பின்னால் வருபவர், எதிரே வருபவர் இருவரின் பாதையையும் வெட்டுகிறோம். அதனால் இதற்கு மட்டும் தனி வரிசை.

பார். கை காட்டு. மறுபடி பார். பிறகு நகர்.

முதல் பார்வை, பின்னால் இடைவெளி இருக்கிறதா என்று. இல்லையென்றால் கையே நீட்ட வேண்டாம், நேராகப் போங்கள். இருந்தால் கையை நீட்டி மூன்று வரை எண்ணுங்கள். இரண்டாவது பார்வை, உங்கள் கையைப் பார்த்து அவர்கள் வேகத்தைக் குறைத்தார்களா என்று. குறைத்தால் மட்டும் நடுவே வாருங்கள். கை நீட்டினால் வழி கிடைத்துவிட்டது என்று நம்பித் திரும்புவதுதான் பெரிய ஆபத்து. நாம் காட்டுவது ஒரு தகவல். அதை மற்றவர் வாங்கிக்கொண்டாரா என்று தெரிந்துகொள்ளவே இரண்டாவது பார்வை. நடுவே வந்த பிறகு எதிரே வருபவருக்கு வழிவிட்டு, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு திரும்புங்கள்.

பஸ் போகும் ரோட்டில் புதியவர்கள் இதைச் செய்யவே வேண்டாம். அவர்களுக்கு வேறு வழி: திரும்பும் இடத்தைத் தாண்டி இடது ஓரமாகப் போய் நின்று, இறங்கி, இரண்டு பக்கமும் பார்த்து, தள்ளிக்கொண்டு கடப்பது. ஒரு கணக்கு சொல்கிறேன். இரு வழி ரோடு சுமார் 7 மீட்டர் அகலம். தள்ளிக்கொண்டு கடக்க ஐந்தாறு விநாடி ஆகும். 60 கி.மீ. வேகத்தில் வரும் பஸ் ஆறு விநாடியில் 100 மீட்டர் வந்துவிடும். அதாவது பஸ் 100 மீட்டர் தூரத்தில் "எங்கேயோ" தெரிந்தாலும் அது கடக்கும் நேரமில்லை. நின்று அதை அனுப்பிவிட்டு, அதன் பின்னால் மறைந்து வரும் பைக்கையும் அனுப்பிவிட்டுக் கடங்கள்.

8. ரோட்டில் எந்த இடம்

தார் விளிம்பிலிருந்து இரண்டு மூன்று அடி உள்ளே ஓட்டுங்கள். விளிம்பை ஒட்டி ஓட்டினால் மணல், கண்ணாடித் துண்டு, சாக்கடை மூடி எல்லாம் அங்கேதான். தார் ரோட்டுக்கும் மண்ணுக்கும் நடுவே படி மாதிரி இறக்கம் இருக்கும். தவறி மண்ணில் இறங்கிவிட்டால் ஓடும் வேகத்திலேயே சாய்வாக ஏறப் பார்க்காதீர்கள். சக்கரம் விளிம்பில் உரசி ரோட்டுக்குள் தள்ளிவிடும். நின்று, தூக்கி வைத்து, மறுபடி கிளம்புங்கள். ரயில்வே கேட்டில் தண்டவாளத்தை நேர் குறுக்காகக் கடக்க வேண்டும், சாய்வாகப் போனால் டயர் பள்ளத்தில் இறங்கிவிடும்.

நிற்கும் கார், ஷேர் ஆட்டோ பக்கத்தில் ஒரு மீட்டர் தள்ளிப் போங்கள், கதவு எப்போது திறக்கும் என்று சொல்ல முடியாது. நிறுத்தத்தில் நிற்கும் பஸ்ஸின் இடப்பக்கம் நுழையாதீர்கள், ஆட்கள் இறங்குவார்கள்.

லாரி, பஸ்ஸுக்கு இடப்பக்கம் சிக்னலில் போய் நிற்பது இன்னும் மோசம். அவை இடப்பக்கம் திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரத்தைவிட உள்ளே வெட்டி வரும். பக்கக் கண்ணாடியில் டிரைவரின் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால், அவருக்கும் நீங்கள் தெரியவில்லை. பின்னாலேயே நில்லுங்கள்.

பள்ளி வலப்பக்கம் இருக்கிறது, கடைசி நூறு மீட்டர்தானே என்று எதிர்த்திசையில் ஓட்டுவதை எல்லா ஊரிலும் பார்க்கலாம். சந்திலிருந்து மெயின் ரோட்டுக்கு இடப்பக்கம் திரும்பி ஏறும் வண்டிக்காரர் தனக்கு வலப்பக்கம்தான் பார்ப்பார், வண்டிகள் அங்கிருந்துதான் வர வேண்டும். எதிர்த்திசையில் வரும் சைக்கிள் அவருக்கு இடப்பக்கத்திலிருந்து வரும். அந்த நூறு மீட்டரை இறங்கித் தள்ளிக்கொண்டு நடந்துவிடுங்கள்.

காதில் இயர்போன் வேண்டாம், சைக்கிளில் பின்னால் வருவதை முதலில் சொல்வது காதுதான். டெல்டா பக்கம் அறுவடைக் காலத்தில் ரோட்டில் நெல்லும் வைக்கோலும் காயும். நெல்மணி மேல் பிரேக் பிடித்தால் டயர் நிற்காது, முன்பே வேகம் குறைத்து ஹேண்டிலைத் திருப்பாமல் கடந்துவிடுங்கள்.

9. மழையும் இருட்டும்

ரிம் நனைந்தால் பிரேக் கட்டை உடனே பிடிக்காது. மழையில் கிளம்பும்போது லேசாகப் பிரேக்கைத் தொட்டுத் தொட்டு ஓட்டினால் ரிம்மில் உள்ள தண்ணீர் துடைபடும். நிற்கும் தூரம் கூடும் என்று வைத்தே ஓட்டுங்கள். தேங்கிய தண்ணீருக்குள் பள்ளம் இருக்கலாம், சுற்றிப் போக முடியாவிட்டால் தள்ளிக்கொண்டு போங்கள். ஒரு கையில் குடை பிடித்து ஓட்டுவது வேண்டவே வேண்டாம். ஹவாய் செருப்பு நனைந்தால் பெடலில் வழுக்கும், பின்வார் வைத்த செருப்பு நல்லது.

விளக்கை ஆறு மணிக்கே போடுங்கள். வழி நமக்குத் தெரிகிறதே என்று இருந்துவிடக் கூடாது, நம்மைப் பிறருக்குக் காட்டவே அது. டைனமோ விளக்கு நின்றால் அணைந்துவிடும், எனவே பின்னால் பேட்டரி சிவப்பு விளக்கு வேண்டும். பின் மட்கார்டில், வெளிச்சம் பட்டால் மின்னும் சிவப்பு ஸ்டிக்கர் ஒன்று ஒட்டினால் பேட்டரி தீர்ந்தாலும் அது வேலை செய்யும். எதிரே ஹெட்லைட் கண்ணைக் கூசினால் இடது ரோட்டோரத்தைப் பார்த்து மெதுவாகப் போங்கள்.

10. விழுந்துவிட்டால்

முதலில் கழுத்து வலிக்கிறதா, கை கால் மரத்திருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்றால் ஆளை ரோட்டை விட்டு ஓரத்துக்குக் கொண்டுவாருங்கள். தலையில் அடிபட்டு மயக்கம், வாந்தி, குழப்பமான பேச்சு, போகப் போகக் கூடும் தலைவலி ஏதாவது இருந்தால் உடனே 108க்கு அழையுங்கள். "தூங்கி எழுந்தால் சரியாகிவிடும்" என்று விடாதீர்கள். கழுத்து வலிக்கிறது, கை கால் மரத்திருக்கிறது என்றால் ஆளை அசைக்க வேண்டாம், ஆம்புலன்ஸ் வரும்வரை பின்னால் வரும் வண்டிகளை ஒருவர் நிறுத்தட்டும்.

ஹெல்மெட் தரையில் அடித்திருந்தால் வெளியே கீறல்கூட இல்லாவிட்டாலும் மாற்றிவிடுங்கள். உள்நுரை ஒருமுறைதான் நசுங்கும், அடுத்த அடிக்கு அது உதவாது. தூக்கி எறியும் முன் பட்டையை வெட்டிவிடுங்கள், இல்லையென்றால் வேறொரு பிள்ளை எடுத்துப் போட்டுக்கொள்ளும்.

அப்புறம் சைக்கிள். இரண்டாம் பகுதியில் சொன்ன சோதனைகளைத் திரும்பச் செய்யுங்கள். சக்கரத்தைத் தூக்கிச் சுற்றினால் பிரேக் கட்டையில் ஒரு பக்கம் மட்டும் உரசுகிறதா? வீல் கோட்டம் போயிருக்கிறது. கடையில் கோட்டம் எடுக்கும்வரை ஓட்டாமல் தள்ளிக்கொண்டே போங்கள்.